காருக்கு எண்ணெய்க்காப்பு

களுவாஞ்சிக்குடியில் குளிர் என்றால் என்னவென்று அறிந்தவர் ஒருவரும் இல்லை. குளிருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அறியாதவரும் ஒருவரும் இல்லை. மார்கழியில் வாடை கொஞ்சம் அழுத்தி வீசினால் ஆண்கள் காதைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு, பெரிய போர் ஒன்றில் காயப்பட்டுத் திரும்பியவர்களைப் போல ஒழுங்கையில் நடப்பார்கள். வீட்டுக்கு வீடு மல்லித்தண்ணீர் கொதிக்கும். இந்த வருடக் குளிர் ஆளைக் கொல்லாமல் விடாது என்று எல்லா வருடமும் சொல்வார்கள். ஒருவரும் செத்ததில்லை. போத்தலிலிருக்கிற தேங்காயெண்ணெய்கூட அந்தக் குளிரை மதிக்காது. விடியற்காலையில் சற்று மங்கலாக நின்று, வெயில் வாசலுக்கு வந்ததும் தெளிந்துவிடும்.

இந்த ஊரிலிருந்துதான், ஒரு தை மாதத்தில், மலைக்குளிர் உறைகிற நுவரெலியாவுக்கு ஒரு காரை ஆயத்தப்படுத்த நேர்ந்தது.

காரணம் என் அக்காவின் கலியாணம். மாப்பிள்ளை செட்டிபாளையத்துக்காரர். பக்கத்து ஊர்தான், சைக்கிளில் போய்ப் பிடித்து வரலாம். ஆனால் அரசாங்கம் அவரை நுவரெலியாக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கராக உட்கார்த்தி வைத்திருந்தது. அவருக்கு மேலிருந்த துரை, கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் வரைக்கும் கந்தோரில் இருந்துவிட்டுத்தான் போகலாம் என்று சொல்லிவிட்டார். ரயிலில் புறப்பட்டால் ஊரைச் சுற்றி வந்து, தாலி கட்டிய மறுநாள் பந்தல் பிரிக்கத்தான் உதவலாம். பஸ்ஸை நம்பி மாப்பிள்ளையை ஏற்றிவிட எங்கள் வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

நாளை மாற்றினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கேட்டதற்கு அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. அக்காவுக்கு அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் பேசிக் குழம்பியிருந்தன. ஒன்றில் தாய்வழிக் குடி பொருந்தவில்லை. மற்றது பொருந்தியது, மாப்பிள்ளை பொருந்தவில்லை. இந்த மூன்றாவதிலும் மாப்பிள்ளையின் தாய்க்கு அரைமனம்தான். மட்டக்களப்பு நகரத்தில் கல்வீடு ஒன்றோடு இன்னொரு பெண் காத்திருப்பதாக அவர் காதில் யாரோ ஊதிவிட்டிருந்தார்கள். நாள் தள்ளிப்போனால் அந்தக் கல்வீடு ஒவ்வொரு நாளும் ஒரு முழம் உயரும் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் பின்வளவுக்குப் போவது வழக்கம். அம்மா அப்போதே பின்வளவுக் குடிலில் அடுப்பு மூட்டிவிட்டார். ஆகவே எந்தப் பக்கமும் பின்வாங்க இடமில்லை.

மாப்பிள்ளையைப் போய் எடுத்து வர ஊரிலிருந்த ஒரே வழி மாமாவின் கார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. வாவிக்கு அப்பால், படுவான்கரையில், கண் முடிகிற தூரம் வரைக்கும் கிடக்கும் ஒரு வயல்வட்டை அவருடையது. வயலையும் மாட்டையும் ஆட்களையும் கட்டி ஆண்ட போடியார். காரை அவர் மட்டக்களப்பில் ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியிருந்தார். துணிக் கூரை. நான்கு கதவு, அதில் மூன்று திறக்கும். அதை மாமா விலைக்கு வந்த எருமை நாம்பனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்: முதலில் பின்பக்கத்தில் ஒரு தட்டு, பிறகு முன்னால் வந்து முகத்தை உற்றுப் பார்ப்பது. ஓட்டுவது மட்டும் நான். அப்போது நான் பள்ளிக்கூட வாத்தியார். தலைமயிரும் தன்னம்பிக்கையும் அடர்த்தியாக இருந்த காலம். இரண்டும் அதே வரிசையில் பிறகு உதிர்ந்தன.

புறப்படுவதற்கு முதல்நாள் அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். அழுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் வாளியை இறக்கிக்கொண்டே சொன்னாள்: "கார் வராட்டியும் காரியமில்ல. ஆளக் கொண்டு வா."

தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காரைக் குளிருக்கு ஆயத்தப்படுத்துவதில் மூன்று கட்சிகள் இருந்தன. முதலாவது கட்சி நான். கொழும்பிலிருந்து தபாலில் வரவழைத்த ஒரு ஆங்கிலப் புத்தகம் என்னிடம் இருந்தது, மோட்டார்க் கார் பராமரிப்பைப் பற்றியது. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்காக இங்கிலாந்தில் இருந்த ஒருவர் எழுதியது. அதில் பனிக்காலம் என்று முழு அத்தியாயமே இருந்தது. ஊரில் வேறு யாரும் அதைப் படித்ததில்லை என்பதால் நான் அதில் பெரும் பண்டிதன். ரேடியேற்றர்த் தண்ணீர் உறையாமலிருக்க அதில் ஸ்பிரிட் கலக்க வேண்டும் என்று அது சொன்னது. இரவில் காரை நிறுத்தும்போது தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும் என்றும் சொன்னது. களுவாஞ்சிக்குடியில் ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? நான் புத்தியைப் பாவித்துச் சாராயம் என்று மொழிபெயர்த்தேன்.

மாமா இரண்டு போத்தல் வாங்குவித்தார். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். "வெள்ளக்காரன் குடிப்பான் எண்டு தெரியும். அவன்ட காரும் குடிக்கும் எண்டு இப்பதான் கேள்விப்படுறன்" என்றார். கலவை விகிதத்தைப் புத்தகத்தைப் பார்த்து நான் வாசிக்க, விகிதம் கூடிப்போயிற்று என்று அவர் தீர்ப்புச் சொல்லி, மிச்சத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தண்ணீரை வடிக்கிற பேச்சை எடுத்தபோது மட்டும் அவர் முகம் கறுத்தது. மாப்பிள்ளை எடுக்கப் போகிற வாகனத்தில் வெறுங்குடம் வைப்பதா? நிறைகுடமாகப் போய் நிறைகுடமாக வர வேண்டும். ரேடியேற்றரும் ஒரு குடம்தானே. அத்தோடு அந்தப் பக்கம் முடிந்தது.

இரண்டாவது கட்சி காத்தான்குடியிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் துணி வியாபாரி. அண்ணன் முறைக்குக் காக்கா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் கம்பளி விற்பவர் என்பதால், எங்கள் ஊருக்குள் கால்வைக்கும் மனிதர்களில் உண்மையான குளிரைக் கண்டவர் அவர் ஒருவர்தான். அந்த அனுபவத்தை அவர் சும்மா விடவில்லை. கலியாணத்துக்குச் சேலை கொண்டுவந்தவர், காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"தம்பி, இதுக்கு மூக்கு முன்னுக்கு இரிக்கி. மூக்கப் பொத்தினா சளி புடிக்காது" என்று ரேடியேற்றரைக் காட்டினார். மூக்கைப் பொத்த ஒரு கம்பளி, முதுகைப் போர்க்க ஒரு கம்பளி, இரண்டும் அவர் மூட்டையிலேயே இருந்தன. பதுளை வரைக்கும் அவரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போவது என்று பேச்சானது. ஏறப் போகிற நேரத்தில்தான் ரேடியேற்றருக்குள் என்ன இருக்கிறது என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அது குடிக்கிறது அதுட பாவம். நான் பின்னுக்கு இரிக்கன்" என்று முடிவுக்கு வந்தார்.

மூன்றாவது கட்சி மாமா. அவர் கட்சிதான் வென்றது.

எங்கள் பக்கத்தில் குளிருக்கு மருந்து ஒன்றுதான். மாரியில் வட்டைக்குள் இறங்குகிறவர்களும் விடியப்புறத்தில் வாவிக்குள் இறால் பிடிக்க இறங்குகிறவர்களும் உடம்பு முழுக்கத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் இறங்குவார்கள். எண்ணெய் இருக்கிற உடம்பில் குளிர் வழுக்கிவிடும் என்பது நம்பிக்கை. மனிதனுக்குச் சரியென்றால் மாட்டுக்கும் சரி. மாட்டுக்குச் சரியென்றால் காருக்கு ஏன் சரிவராது? அத்தோடு காரின் பொருத்துகளில் அதுவரை இருந்தது கிறீஸ். கறுப்பு நிறம், நாற்றம், தொட்டால் வேட்டி போய்விடும். பட்டு வேட்டி கட்டப்போகிற மாப்பிள்ளை ஏறுகிற காரில் அதை வைத்திருப்பது மரியாதையா என்று மாமா கேட்டார். கேட்டுவிட்டுச் சிரட்டையும் சாக்குத்துணியுமாக ஆட்களை இறக்கிக் கிறீஸை ஒரு பொட்டு விடாமல் வழித்தெடுத்தார்.

பிறகு எண்ணெய்க்காப்பு நடந்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன் ஊரே வரிசையில் நின்று சாமிக்கு எண்ணெய் வைப்பது போல, கலியாண வீட்டுக்கு வந்திருந்த அத்தனை பேரும் காருக்கு எண்ணெய் வைத்தார்கள். மாமாவின் தோட்டத்துத் தேங்காய், சொந்தச் செக்கு, வாசமான எண்ணெய். வில்லுக்கு, கதவுக் கீலுக்கு, கிளச்சுக்கு, பிரேக்குக் கம்பிகளுக்கு. ஒரு பெரியம்மா சக்கரத்தின் நடுவில் பூவும் வைத்தார். வேலைசெய்தவர்களில் ஒருவர் பிரேக்கின் உள்பக்கத்தையும் விடவில்லை. உள்ளுக்குள்தான் குளிர் கூடுதலாக இறங்கும் என்பது அவர் கட்சி. கடைசியாக மாமா எஞ்சினின் மூடியைத் திறந்து, அடிவயிற்றுக்கு இரண்டு போத்தல் ஊற்றினார். நான் புத்தகத்தைத் திறந்தேன். தேங்காயெண்ணெயைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று எழுதியிருந்தாலாவது நான் வாதாடியிருப்பேன்.

கார் மினுமினுவென்று நின்றது. அதைவிடக் குளிருக்கு ஆயத்தமான கார் அன்றைக்கு இலங்கையில் இருந்திருக்காது.

கம்பளியை மலை ஏறும்போது போட்டால் போதாதா என்று நான் கேட்டேன். தடிமனும் சளியும் பிடித்த பிறகு போர்த்தி என்ன பலன் என்றார் மாமா. ஆகவே களுவாஞ்சிக்குடி வெயிலில், மூக்கிலும் முதுகிலும் கம்பளியோடு, கல்லடிப் பாலத்தைத் தாண்டினோம். பாலத்தில் நின்று தூண்டில் போட்டவர்கள் தூண்டிலை மறந்து பார்த்தார்கள். செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பியபோது கார் முனகத் தொடங்கியது. மகா ஓயாவுக்குக் கிட்டப் பொங்கியது. ஆவி பறந்த இடத்தைப் பார்த்துக் காக்கா தான் விற்ற கம்பளிகளை மெல்ல உருவி மடித்து, அவற்றின்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சாராயம் முதலில் ஆவியாகும் என்பது அந்தப் புத்தகத்தின் வேறொரு அத்தியாயத்தில் இருந்திருக்கிறது. நான் அதுவரைக்கும் படித்துப் போகவில்லை. லுணுகலை தாண்டிப் பசறை ஏற்றத்தில் கார் விட்ட மூச்சில் சாராயத் தவறணை மணந்தது. தெருவோரத்தில் நடந்தவர்கள் நின்று எங்களைப் பார்த்தார்கள். எங்களைப் பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்தார்கள். மாமா எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா துவாயால் மூக்கை மூடிக்கொண்டு, தான் வேறு கூட்டம் என்பதை வழியில் கண்ட எல்லாருக்கும் முகத்தாலேயே அறிவித்தபடி வந்தார். பதுளையில் இறங்கும்போது மாமாவின் கையைப் பிடித்து, மாப்பிள்ளையை அல்லா கொண்டுவந்து சேர்ப்பான் என்றார். காரைப் பற்றி எந்த உறுதியும் தரவில்லை.

நுவரெலியாவில் போய் இறங்கியபோது இருள் கவிகிற மசண்டை நேரம். எங்களில் இறங்கியது உடம்பு மட்டும்தான் என்று நினைக்கிறேன். கால் விரல்கள் எங்கோ வெலிமடைப் பக்கம் நின்றுவிட்டன. மாமா வாயைத் திறந்தார், புகை வந்தது. சுருட்டு இல்லாமல் புகை வந்ததை அவர் நம்பவில்லை. வாயை மூடி, மறுபடி திறந்து பார்த்தார். மாப்பிள்ளை அரசாங்கக் குவார்ட்டர்ஸின் வாசலில், ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட கம்பளிச் சட்டைகளுக்குள்ளிருந்து எங்களை வரவேற்றார். மெலிந்த, சாந்தமான மனிதர். பெட்டி கட்டிக் கதவடியில் வைத்திருந்தார். அதைக் கண்டதும் எனக்கு அரை நிம்மதி.

இரவு காரை வெளியில் விட்டோம். இங்கே ஒரு சிறு நிர்வாகச் சிக்கல் எழுந்தது. காருக்கென்று கொண்டுவந்த கம்பளி இரண்டு. காரின் தேவையையும் எங்கள் தேவையையும் நானும் மாமாவும் பற்கள் தந்தியடிக்க ஆராய்ந்தோம். எண்ணெய் வைத்திருக்கிறோமே, அது தாங்கும் என்று மாமா சொன்னார். ஆளுக்கொன்றாகப் போர்த்திக்கொண்டு படுத்தோம்.

விடிந்து பார்க்கும்போது புல்லுக்கெல்லாம் யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ரேடியேற்றர் மூடியைத் திறந்தேன். தண்ணீரின்மேல் கண்ணாடி. மாமா ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, விரலை இழுத்துக்கொண்டார். "ஆர் மனே இதுக்குள்ள கண்ணாடி போட்டது?" என்றார். உறைந்த தண்ணீரை இருவரும் வாழ்க்கையில் அப்போதுதான் காண்கிறோம். ஒரு குடம் வெந்நீரில் அது போயிற்று. அதோடு சரிவந்துவிடும் என்று நினைத்து, காரைக் கிளப்புகிற கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றினேன்.

கைப்பிடி சுற்றவில்லை. நான் கொஞ்சம் மேலெழும்பினேன்.

மறுபடி, முழுப்பலத்தையும் போட்டேன். கார் ஒரு அங்குலம் முன்னால் வந்தது, அவ்வளவுதான். கிளச்சை மிதித்தேன், மிதித்த இடத்திலேயே நின்றது, திரும்பி வரவில்லை. ஹோர்னின் ரப்பரை அமுக்கினேன், ஒரு பெருமூச்சு. குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. எங்கள் ஊரார் பக்தியோடு வைத்த எண்ணெய் முழுவதும், பொருத்துக்குப் பொருத்து, கம்பிக்குக் கம்பி, வெள்ளை வெளேரென்று மெழுகாக உறைந்து கிடந்தது. எஞ்சினுக்குள் ஊற்றிய இரண்டு போத்தலும் உள்ளே என்ன கோலத்தில் இருக்கும் என்று நினைக்கவே கூடவில்லை. அது கார் இல்லை. ஒரு பெரிய மெழுகுதிரி. திரி மட்டும்தான் இல்லை.

அன்று இரவு தாலிகட்டு. நுவரெலியாவுக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடையில் முழுப் பகல் ஓட்டம் கிடந்தது. கிணற்றடியில் அக்கா வாளியை இறக்கிக்கொண்டு நின்றது எனக்கு நினைவில் வந்தது. கார் வராவிட்டாலும் காரியமில்லை என்று அவள் சொன்னதை அப்போது நான் பேச்சுக்குத்தான் என்று எடுத்திருந்தேன்.

மாப்பிள்ளை பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து என்னிடம் வந்தார்.

"மச்சான், தந்தி ஒண்டு அடிப்பமா?"

தந்தி என்றால் நாள் மாற்றுகிற தந்தி. செட்டிபாளையத்தில் அவர் தாய் அதைக் கையில் வாங்குகிறதும், நகரத்துக் கல்வீடு மாடியெழும்புகிறதும் என் கண்ணில் தெரிந்தது. என்னவென்று அடிக்கிறது என்று கேட்டேன்.

"கார் வரச் சொணங்கும், ஆக்கள் முந்தி வாறம் எண்டு" என்றார். "பதுளை மட்டுக்கும் நடப்பம். அங்கால லொறி ஏதும் கிடைக்கும்."

சொல்லிவிட்டுச் சப்பாத்துக் கயிற்றை இறுக்கத் தொடங்கினார். எனக்கு அந்த மனிதரை அப்போதுதான் பிடித்தது. பதுளை எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னார்.

மாமா இதற்குள் காரை இரண்டு சுற்றுச் சுற்றிவந்திருந்தார். சாராயத்தில் அவர் பொறுப்பெடுத்த மிச்சம் விடியற்காலையிலேயே தீர்ந்திருந்ததால் மூளை தெளிவாக இருந்தது. காரின் பின்பக்கத்தில் தட்டினார். "குளிர் புடிச்சிரிக்கு, அவ்வளவுதான். பிள்ளப்பெத்தவளுக்குக் கட்டிலுக்குக் கீழ தணல் வைக்கிறதில்லையா? இதுக்கும் வைப்பம்."

குவார்ட்டர்ஸ் வரிசையில் வீட்டுக்கு வீடு கணப்பு இருந்தது. பக்கத்து வீட்டுக் கிளாக்கர்மார் இரும்புச் சட்டிகளில் தணல் அள்ளித் தந்தார்கள். கலியாணத்துக்கு என்றதும் ஒருவர் சட்டியைத் தானே தூக்கிவந்தார். எஞ்சினுக்குக் கீழே ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று, சக்கரங்களுக்கு அருகே ஒவ்வொன்று. சூடு வெளியேறாமல் மேலே காக்காவின் இரண்டு கம்பளியையும் போர்த்தினோம். கடைசியில் அவை காரைப் போர்த்தத்தான் செய்தன. பெற்றோல் உள்ள வண்டிக்குக் கிட்ட நெருப்புக் கொண்டுபோகவே கூடாது என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் அதைச் சத்தமாக வாசித்தேன்.

"அந்தப் பொத்தகத்தையும் தணல்ல போடு. கெதியாச் சூடேறும்" என்றார் மாமா.

மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வயிறு நிலத்தில் படக் கிடந்து, கச்சேரிக் கோப்பு அட்டை ஒன்றால் தணலை விசிறினார். கொஞ்ச நேரத்தில் கார் ஒரு சொட்டு விட்டது. பிறகு இன்னொன்று. பிறகு நாலாபக்கமும் சொட்டியது. சூடான தேங்காயெண்ணெய் மணம் அந்தக் குளிர் தெரு முழுக்கப் பரவியது. பலகாரம் சுடுகிற மணம். மூடியிருந்த யன்னல்கள் திறந்தன. நாயை உலாத்தக் கொண்டுவந்த ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் நாய் காரடியில் உட்கார்ந்து வாலாட்டியது. சங்கிலியை இழுத்தும் வர மறுத்தது. அவர் எங்கள் மூன்று பேரையும், போர்த்திக் கிடந்த காரையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதுதான் அவர்கள் சாமர்த்தியம்.

அப்போதுதான் எஞ்சினடியிலிருந்து ஒரு பெரிய சொட்டு தணலுக்குள் விழுந்தது. குப்பென்று ஒரு சுவாலை எழும்பி அடங்கியது. மாப்பிள்ளை உருண்டு வெளியே வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லைதான். இடது புருவம் இருந்த இடத்தில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா வானத்தைப் பார்த்தார். இருவரும் அதைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன். இந்தமுறை சுற்றியது. இருமி, தும்மி, கொஞ்சம் தேங்காய்ப்பாற் புகை விட்டு, கார் உயிர்பெற்றது. தந்தியடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

இவ்வளவு எண்ணெய் உருகினால் அது எங்கேயாவது போகத்தானே வேண்டும். எங்கே போயிருக்கிறது என்பதை ஹக்கலை இறக்கத்தில் கண்டுகொண்டேன். பிரேக்கை மிதித்தேன், வாழைப்பழத் தோலில் கால் வைத்தது போல ஒரு சுகமான வழுக்கல். கார் நிற்கவில்லை, நிற்கிற நோக்கமும் அதற்கு இல்லை. முதலாம் கியரில் போட்டு, எஞ்சின் அலற அலற, மலைப்பக்கமாக ஒட்டி இறக்கினேன். கல்லை எடு என்று கத்தினேன். மாமாவுக்கு வயது, மாப்பிள்ளைதான் குதித்தார். அந்த இடத்திலிருந்து பதுளை வரைக்கும் அவருடைய உத்தியோகம், ஒரு பெரிய கல்லை மடியில் வைத்துக்கொண்டு இருந்து, காரை நிறுத்த வேண்டிய இடத்தில் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கீழே போடுவது. பெண்வீட்டார் எந்த ஊரில் மாப்பிள்ளைக்கு இப்படி வேலை கொடுப்பார்கள்? அவர் முகம் சுளிக்கவில்லை. மூன்றாவது தடவையில் கைதேர்ந்துவிட்டார்.

நிறுத்துவது இவ்வளவு கஷ்டம் என்றபடியால் பதுளைக்குப் பிறகு நாங்கள் நிறுத்தவேயில்லை. போகும்போது மாமா கண்ட ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் இறங்கியிருந்தார், ஒவ்வொரு மதகிலும் கால் நீட்டியிருந்தார். வரும்போது கடைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார். பசறை ஏற்றத்தில் கார் தானாகவே களைத்து நின்ற இடத்தில் தகரத்திலிருந்த பெற்றோலை ஊற்றினோம். பிபிலையில் வாங்கிய வாழைப்பழம் ஓடுகிற காரிலிருந்து கையை நீட்டி வாங்கியது. அதன் பயனாக, பிரேக் சரியாக வேலைசெய்திருந்தால் ஒருநாளும் போய்ச்சேர்ந்திருக்க முடியாத நேரத்துக்கு, விளக்கு வைக்கிற வேளையில் களுவாஞ்சிக்குடிக்குள் நுழைந்தோம்.

எங்கள் வளவுக்கு முன்னால் வாழை கட்டி, பந்தல் போட்டு, மேளம் தயாராக நின்றது. வாசலில் நிறைகுடம். அதன் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய், இன்னும் அரைமனத்தோடு. காரைக் கண்டதும் மேளம் எழும்பியது. நான் எஞ்சினை முன்னரே அணைத்துவிட்டேன், கணக்குப்படி வாசலில் நிற்க வேண்டும். கணக்குப் பார்த்தவன் நான் என்பதால் கார் வாசலில் நிற்கவில்லை. மேளகாரர் வாசித்தபடியே வழிவிட்டார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நிறைகுடத்தையும் மாப்பிள்ளையின் தாயையும் மரியாதையாகக் கடந்து, பந்தலையும் கடந்து, பக்கத்து வளவிலிருந்த வைக்கோல் கும்பிக்குள் மூக்கை மெதுவாகச் செருகிக்கொண்டு நின்றது.

மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் கல்லோடு குதித்தார்.

பெண்ணின் தம்பி எங்கே என்று ஐயர் வாசலிலிருந்து கூப்பிட்டார். மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டியவன் அவன். அவன் தலையில் வைக்கோலோடு சாரதி ஆசனத்திலிருந்து இறங்கினான். மாப்பிள்ளையை வாசலுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு கட்சி. வந்தவரைப் பின்னால் அனுப்புவது சகுனமில்லை என்று இன்னொரு கட்சி. கால் எங்கே பட்டதோ அங்கே கழுவு என்று மாமா தீர்ப்புச் சொன்னார். செம்பு வைக்கோல் கும்பியடிக்கு வந்தது. நான் கழுவினேன். கழுவியதற்கு அவர் என் விரலில் மோதிரம் போட்டார். என் கை முழுக்கத் தேங்காயெண்ணெய். மோதிரம் போட்ட வேகத்திலேயே கழன்று விழுந்தது. வைக்கோலுக்குள் அதைத் தேட இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

குனிந்து தேடிய மாப்பிள்ளை நிமிர்ந்தபோது லாம்பு வெளிச்சம் அவர் முகத்தில் நேராக விழுந்தது. அவர் தாய் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "என்ட புள்ளட புருவம்" என்றார். அந்த ஒரு கணம் கல்வீட்டின் நிழல் எங்கள் வளவுக்குள் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். மாப்பிள்ளை இடது கண்ணுக்கு மேலே தடவிப் பார்த்தார். இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. பிறகு தாயிடம், அது கிடக்கட்டும், நேரமாகுது என்று சொல்லி, பந்தலை நோக்கி நடக்கத் தொடங்கினார். தாயும் பின்னால் நடக்க வேண்டியதாயிற்று.

தாலி கட்டியாயிற்று. அம்மா பின்வளவுக்குப் போய் ஒருமுறை அழுதுவிட்டு வந்தார். பிறகு பொரியிடுகிற நேரம். பெண்ணின் கையில் நெற்பொரியை அள்ளி வைப்பது தம்பி வேலை. நான் போய்க் குனிந்தேன். அக்கா அதுவரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அவளுக்குக் கடைக்கண் என்று ஒன்று இருந்தது. உதடு அசையாமல் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்:

"ஆளக் கொண்டு வந்தாய், சரி. மற்றப் புருவம் எங்க?"

"நுவரெலியாவில இரிக்கு" என்றேன். "நீ போகக்குள்ள தேடி எடு."

அக்கா சிரித்துவிட்டாள். கையிலிருந்த பொரியில் பாதி தீக்குள் போகாமல் என் காலில் கொட்டியது. ஐயர் என்னை முறைத்துப் பார்த்து, மறுபடி அள்ளச் சொன்னார்.